பாசிமணிப் பட்டயம்

முன்னொரு காலத்தில், பேர் சொன்னால் யாருக்காவது கோபம் வரும் என்பதால் நான் பேர் சொல்லாமல் விடுகிற ஒரு தேசத்தில், யானைமேல் பைத்தியமாக இருந்த ராஜா ஒருவர் ஆண்டார். பட்டத்து யானையின் பேர் செங்கமலம். இராத்திரியில் கோட்டைக்குள் வருகிறவர்கள் வாசலில் சொல்ல வேண்டிய அடையாளச் சொல்லும் அதுவேதான். அதை அவ்வப்போது மாற்றலாமே என்று மந்திரிகள் கெஞ்சிப் பார்த்தார்கள். அதைவிட நல்ல சொல் உலகத்தில் உண்டா என்று ராஜா கேட்டார். சொல் மாறவே இல்லை.

பகைநாட்டு ஒற்றன் ஒருவன் மதிலோரம் பதுங்கி அந்தச் சொல்லைக் கேட்டுக்கொண்டான். மறுநாள் அதையே சொல்லி உள்ளே வந்து, ஆயுதசாலைக்குத் தீ வைத்துவிட்டுப் போய்விட்டான். காவலுக்கு இருந்தவர்கள் வெந்து செத்தார்கள். சொல்லை விற்றவன் வாசல் காவல் தலைவன் சூரப்பன்தான் என்று தளவாய் மதகரிராயர் அடித்துச் சொன்னார். சூரப்பனைக் கழுவேற்றும்படி தீர்ப்பாயிற்று.

அந்தத் தேசத்தில் ஒரு வழக்கம் உண்டு. இதுவரை யாரும் அறியாத உபாயம் ஒன்றைக் கண்டுபிடித்தவர் சபையில் அதைச் செய்துகாட்ட வேண்டும். புதியது, பலிக்கக்கூடியது, அவருடையதேதான் என்று விசாரணையில் தேறினால், அந்த உபாயத்தின் உரிமை அவருக்கே என்று செப்புப் பட்டயம் கிடைக்கும். கூடவே ராஜாவிடம் ஒரு வரமும் கேட்கலாம். சூரப்பன் மனைவி அரியநாச்சிக்கு வேண்டியது அந்த வரம்தான்.

அவள் பல நிறப் பாசிமணிகளை ஒரே வரிசையில் கோத்து இரண்டு சரம் செய்தாள். ஒன்று அரண்மனையில் இருக்கும், மற்றது வாசல்காவலனிடம் இருக்கும். வெளியே போகிறவனுக்கு அரண்மனைச் சரத்தின் கடைசி மணியைக் கழற்றிக் கொடுப்பார்கள். திரும்பி வரும்போது அதைக் காட்டினால், காவலன் தன் சரத்தின் கடைசி மணியோடு ஒத்துப்பார்த்துக் கதவைத் திறப்பான். ஒரு தரம் காட்டிய மணி அதோடு கழிந்தது; அடுத்தவனுக்கு அடுத்த மணி.

விண்ணப்பத்தைத் தளவாய் கையில்தான் கொடுக்க வேண்டும். கொடுத்தாள். அந்தப் பாவி மனுஷன் என்ன செய்தார் தெரியுமா? விசாரணையன்று தாமும் இரண்டு சரத்தோடு, தம் வீட்டு வாசல்காவலனையும் கூட்டிக்கொண்டு சபைக்கு வந்தார். இது தம்முடைய உபாயம் என்றும், தம் மாளிகை வாசலில் வெகுநாளாக நடப்பது என்றும் கூசாமல் சொன்னார்.

அதோடு விட்டாரா? ராஜா மடியில் வைத்துக் கொஞ்சாத குறையாக வைத்திருந்த விகடகவி அம்பலவாணன்மேல் அவருக்கு வயிற்றெரிச்சல். அவனே விசாரிக்கட்டும் என்று தூபம் போட்டார். ராஜாவுக்கும் ஆசை பிறந்தது. சாட்சியும் ஓலையும் இல்லாமல், பொழுது சாய்வதற்குள், உபாயம் யாருடையது என்று அம்பலவாணன் சொல்லியாக வேண்டும். தப்பாகச் சொன்னால் அவன் தலை உருளும்.

இரண்டு பேரும் செய்துகாட்டினார்கள். அரியநாச்சி காட்டியது பச்சை மணி, தளவாய் காட்டியது சிவப்பு. இரண்டும் அச்சாகப் பொருந்தின.

அம்பலவாணன் கண்ணைக் கசக்கிக்கொண்டு, தான் சற்று அசந்துவிட்டதாகவும், அதே மணிகளை இன்னொரு தரம் காட்டும்படி மகாராஜா கட்டளையிட வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டான். ராஜா கட்டளையிட்டார். தளவாய் அந்தச் சிவப்பு மணியையே பணிவாக எடுத்து மறுபடி காட்டினார். மூன்றாம் தரம் கேட்டபோதும் காட்டினார். காவலனும் தன் சிவப்பு மணியை மறுபடி சரத்தில் பத்திரமாகக் கோத்துக்கொண்டான்.

அரியநாச்சியோ இரண்டு சரத்திலிருந்தும் கழற்றிய பச்சை மணிகள் இரண்டையும் தரையில் போட்டு, கையோடு கொண்டுவந்திருந்த குழவிக்கல்லால் நசுக்கிவிட்டாள்.

"என் கட்டளையையா மீறுகிறாய்?" என்றார் ராஜா.

"அடுத்த மணியைக் காட்டச் சொல்லுங்க, காட்டுறேன் மகாராஜா. இத்தனை கண்ணு பாத்த மணியை மறுபடி காட்டமாட்டேன். ஊரே கேட்ட சொல்லை நாள்தோறும் சொன்னதாலதான் என் வீட்டுக்காரர் சாகப் போறார்."

ராஜா முகம் சிவந்தது. தன் சரக்கையே காட்டத் தெரியாதவள் என்று தளவாய் சிரித்தார். அம்பலவாணன் மட்டும் தளவாய் கையிலிருந்த சிவப்பு மணியைக் கிட்டத்தில் பார்க்க வேண்டுமென்று வாங்கிக்கொண்டு, தளவாயின் காவலன் மாளிகை வாசலுக்குத் திரும்பிப் போகட்டும் என்றான். கொஞ்சம் பொறுத்துத் தானும் எங்கோ கிளம்பிப் போனான்.

திரும்பி வந்தது எப்படி? தளவாயின் தந்தப் பல்லக்கில், தளவாயின் ஆட்களே சுமந்துவர, தளவாயின் பட்டுத் தலைப்பாகையைச் சூடிக்கொண்டு!

"மகாராஜா, மாளிகை வாசலில் இந்தச் சிவப்பு மணியைக் காட்டினேன். பொருந்துகிறது என்று காவலன் கதவைத் திறந்துவிட்டான். தளவாய் அனுப்பிய ஆள் என்று நம்பிப் பல்லக்கையும் தூக்கிவிட்டார்கள். தளவாய் மணியைத் திருடினார், மணியைக் கழிக்க வேண்டிய காரணத்தைத் திருட மறந்துவிட்டார். தலைபோனாலும் சரி என்று மணியை நசுக்கினாளே, உபாயம் அவளுடையது."

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். பல்லக்கை அம்பலவாணனே வைத்துக்கொள்ளட்டும் என்றார். தளவாயின் முத்திரை மோதிரத்தை அங்கேயே கழற்றி வாங்கிக்கொண்டார். பட்டயத்தை அரியநாச்சி கையில் கொடுத்து, அவள் கணவனை மன்னித்துவிட்டதாகவும், அதுதான் வரம் என்றும் சிரித்த முகத்தோடு சொன்னார்.

அவள் பட்டயத்தைக் கீழே வைத்தாள்.

"மன்னிப்பு வேண்டாம் மகாராஜா. மன்னிச்சா அவர் செஞ்சதா ஆயிடும். செத்தவங்க பெண்டுபிள்ளைங்க முகத்துல அவர் முழிக்கணும். அவர்மேல குத்தமில்லைன்னு இந்தச் சபையில சொல்லுங்க."

ராஜாவின் சிரிப்பு நின்றது. குற்றம் சூரப்பனுடையது இல்லை என்றால் பின்னே யாருடையது? அது அங்கே நின்ற அத்தனை பேருக்கும் தெரியும். ஒருவரும் தலை நிமிரவில்லை.

ராஜா சிங்காசனத்தை விட்டு இறங்கி வந்தார். "சூரப்பன்மேல் குற்றமில்லை. சொல்லை மாற்றாதது நான்," என்றார்.

அதன் பிறகுதான் அரியநாச்சி அழுதாள்.