மந்தம்பாளையத்தார் மூன்று பெட்டிகளை எழுப்பியது

மந்தம்பாளையம் எங்கே இருக்கிறது என்று கேட்டால் சுற்று வட்டாரத்து ஊர்க்காரர்கள் எல்லாம் கையை நீட்டிக் காட்டிவிடுவார்கள். மந்தம்பாளையத்துக்காரர்கள் மட்டும், "இங்கதான் பக்கத்துல எங்கியோன்னு கேள்விங்க" என்பார்கள்.

அந்த ஊரில் ஒரு குஞ்சு பொரிப்பகம் வந்தது. மூன்று பெரிய பெட்டிகள், உள்ளே முட்டைகள், பெட்டிக்குப் பெட்டி சூடு குறையாமல் பார்த்துக்கொள்ள ஒரு கம்ப்யூட்டர். மலிவாகக் கிடைத்தபோதெல்லாம் வாங்கியதில் மூன்றும் மூன்று கம்பெனி.

பொரிப்பகத்துக்குத் தலைவி பாவாத்தாள். தலைவியைத் தேர்ந்தெடுத்த கூட்டத்தில் மற்ற எல்லோரும் தூங்கிவிட்டதால் அவளை யாரும் எதிர்க்கவில்லை. ஊரிலேயே தான்தான் புத்திசாலி என்று அவளுக்குத் தெரியும். அதை நினைக்கும்போதெல்லாம் ஊரை எண்ணிக் கவலையாக இருக்கும்.

"கோழியை அடை வெக்காதீங்க, முட்டையை எங்கிட்டக் குடுங்க" என்று வீடு வீடாகக் கேட்டு வாங்கி வந்தவளும் அவள்தான். பெட்டியில் வைத்து இருபது நாள் ஆகிவிட்டது; மறுநாள் காலை குஞ்சு பொரிய வேண்டும். பொரியாவிட்டால் ஊர்ப் பெண்கள் என்ன செய்வார்களோ? கோழிகள் இப்போதே அவளைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கின்றன.

அன்று மத்தியானம் கரண்ட் ஒரு முறை கண் சிமிட்டியது. மூன்று திரைகளும் அப்படியே உறைந்து நின்றன. பெட்டிகள் ஆறத் தொடங்கின. பாவாத்தாள் ஈரோட்டு இன்ஜினியருக்குப் போன் போட்டாள்.

"மூணையும் ரீஸ்டார்ட் பண்ணுங்கக்கா."

"எப்படிங்க தம்பி?"

"அதுக்குன்னு நிச்சயமா ஒரு வழி கிடையாதுங்க. கம்பெனிக்குக் கம்பெனி மாறும். கம்ப்யூட்டருக்கே தன்னை எப்படி எழுப்பிக்கறதுன்னு சரியாத் தெரியாது. முதல்ல மரியாதையாக் கேட்டுப் பாக்கும். நடக்கலைன்னா கீபோர்டு பக்கமாச் சொல்லிப் பாக்கும். மறுபடியும் ரெண்டையும் பண்ணும். எதுவும் ஆகலைன்னா வேணும்னே ஒரு தப்புப் பண்ணும். அதைத் திருத்தப் போயி ஒரு தப்பு. அதைத் திருத்தப் போயி இன்னொரு தப்பு. அதுல மூளை கலங்கி முதல்லருந்து ஏந்திரிச்சுக்கும். நீங்களும் அதே மாதிரி..."

லைன் கட்டாகிவிட்டது. பாவாத்தாளுக்கு நெஞ்சு நிறைந்தது. இத்தனை நாளாக எந்திரம் என்றால் என்னவோ என்று பயந்திருந்தாள். கடைசியில் பார்த்தால் அது நம்ம ஊர் ஆள்.

உதவிக்கு வெள்ளிங்கிரியும் துளசிமணியும் இருந்தார்கள். வெள்ளிங்கிரி காவல்காரன், துளசிமணி அவனுக்குக் காவல். முதல் பெட்டிக்கு முன்னால் மூவரும் நின்றார்கள்.

"ஐயான்னு கூப்படறதா, அம்மான்னா?" என்றாள் துளசிமணி.

"அடைகாக்கறது யாரு? அம்மாதான்" என்றாள் பாவாத்தாள்.

வெள்ளிங்கிரி தோளில் கிடந்த துண்டை மரியாதைக்காக உதறி இடுப்பில் கட்டினான். துண்டு முனையில் முடிந்திருந்த கொட்டைப்பாக்கு போய் ஒரு பட்டனில் பட்டதை யாரும் பார்க்கவில்லை. திரை அணைந்து மறுபடி எரிந்தது. பெட்டி உறுமியது.

"குணமான பொட்டி" என்றான் வெள்ளிங்கிரி.

இரண்டாவது பெட்டி துண்டுக்கு மசியவில்லை. பாவாத்தாள் கீபோர்டு பக்கமாகக் குனிந்து ரகசியமாகச் சொன்னாள். குனிந்த வேகத்தில் நெற்றி நாலைந்து பட்டன்களை ஒன்றாக அமுக்கியது. அதுவும் எழுந்தது.

மூன்றாவதிடம் துண்டை உதறினார்கள், அம்மா என்றார்கள், நெற்றியை வைத்தார்கள். மறுபடி துண்டு, மறுபடி நெற்றி. அசையவில்லை. பாவாத்தாள் பெட்டியின் கண்ணாடியைத் தொட்டுப் பார்த்தாள். நன்றாக ஆறியிருந்தது. அவள் கண் கலங்கியது.

"இனி வேணும்னே தப்புப் பண்ணணும்" என்றாள்.

வெள்ளிங்கிரி தயங்கினான். "நமக்கு அது பழக்கமில்லீங்களேக்கா. இதுவரைக்கும் பண்ணுனதெல்லாம் சரின்னு நெனச்சுப் பண்ணுனதுதானுங்களே."

மூவரும் வெகுநேரம் யோசித்தார்கள். கடைசியில் வெள்ளிங்கிரி பெட்டியைப் பார்த்து, "ரெண்டும் ரெண்டும் அஞ்சு" என்றான்.

"இல்ல, ஆறு" என்று திருத்தினாள் துளசிமணி.

இனிப் பாவாத்தாள் முறை. அவர்கள் இருவரையும் மிஞ்சிய தப்பாக இருக்க வேண்டும். கண்ணை மூடி, மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு, "நாலு" என்றாள்.

"ஐயோ, அக்கா" என்று துளசிமணி பின்னால் நகர்ந்தாள். அவள் கால் ஒயரில் சிக்கி, பிளக் பிடுங்கிக்கொண்டு வந்தது. பழி தன்மேல் வருமோ என்று பயந்து சத்தமில்லாமல் திரும்பச் செருகிவிட்டாள். பெட்டி எழுந்தது.

இன்றைக்கும் அந்த ஊரில் ரெண்டும் ரெண்டும் எத்தனை என்று கேட்டுப் பாருங்கள். கரண்ட் கம்பிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு யாரும் பதில் சொல்ல மாட்டார்கள்.

விடிந்தது. ஊர்ப் பெண்களெல்லாம் வாசலில் வந்து நின்றார்கள். முட்டைகள் கீறல் விட்டன. முதல் குஞ்சு ஓட்டை உடைத்து வெளியே வந்தது. நனைந்த உடம்போடு தலையைக் கீழே சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டது. அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும்.

"வந்ததும் ஹேங் ஆயிருச்சுங்கக்கா" என்றான் வெள்ளிங்கிரி.

எல்லோரும் பாவாத்தாளைப் பார்த்தார்கள். அவள் கலங்கவில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, உடைந்து கிடந்த ஓடுகளைப் பொறுக்கச் சொன்னாள். குஞ்சுகள் பாதி உலர்ந்து, சத்தம் போட்டுக்கொண்டு காலுக்குக் கால் ஓடத் தொடங்கியிருந்தன. ஒவ்வொன்றாகத் துரத்திப் பிடித்துப் பெண்கள் ஓட்டுக்குள் திணித்தார்கள். துளசிமணி பசை காய்ச்ச ஓடினாள்.

"பாத்து, பாத்து" என்று நடுவில் நின்று மன்றாடினாள் பாவாத்தாள். "அவங்கவங்க ஓட்டுல அவங்கவங்களை வைங்க. மாத்தி வெச்சா, வேற கோழியா ஏந்திரிச்சுக்கும்."