எண்பத்தோராம் பக்கம்

கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த ஒரு வாடகை நூலகத்தில் 'ஏலக்காய் பங்களா' என்றொரு நாவல் இருந்தது. மலைத்தோட்டத்துப் பங்களாவுக்கு வேலைக்கு வரும் சுமித்ரா, அதிகம் பேசாத முதலாளி, எப்படிச் செத்தாள் என்று யாரும் வாய் திறக்காத அவனுடைய முதல் மனைவி, பூட்டியே கிடக்கும் ஓர் அறை. காதல் பாதி, பயம் பாதி, மொத்தம் தொண்ணூற்றாறு பக்கம்.

அந்த நாவலுக்குத் தன்னைப் பற்றிப் பெரிய நினைப்பெல்லாம் கிடையாது. ஒரே ஒரு ஆசைதான். எடுத்தவர் நடுவில் போட்டுவிடாமல் கடைசிவரை வரவேண்டும். சுமித்ராவோடு சேர்ந்து அந்த அறைக்குள் நுழைய வேண்டும்.

நூலகத்தை நடத்திய செண்பகவல்லி ஒரு வழக்கம் வைத்திருந்தாள். ஒவ்வொரு புத்தகத்தின் கடைசியிலும் ஓரத்தில் பசை தடவி ஒரு கருத்துத் தாளை ஒட்டிவிடுவாள். படித்தவர்கள் அதில் இரண்டு வரி எழுதி, 'நன்று', 'பரவாயில்லை', 'தேறாது' என்ற மூன்றில் ஒன்றைப் போடவேண்டும். மூன்று 'தேறாது' விழுந்த புத்தகம் மூலையில் கிடக்கும் சாக்குக்குள் போகும். சாக்கு நிரம்பினால் பழைய பேப்பர்க் கடை. புத்தகங்களை அவள் படிப்பதில்லை. படித்தால் சொந்த விருப்பு வெறுப்பு குறுக்கே வந்துவிடுமாம். தாள்களை மட்டும் கண்ணாடி போட்டுக்கொண்டு படிப்பாள்.

ஒரு மழைக்காலத்தில் நாவலின் முதுகு விட்டுப்போய்த் தாள்கள் உதிர ஆரம்பித்தன. செண்பகவல்லி அதை பைண்டரிடம் அனுப்பினாள். அதே நாளில், அதே அளவுள்ள 'நாட்டுக்கோழி வளர்ப்பு' என்ற புத்தகமும் போனது. பைண்டர் மும்முரமான மனிதர். இரண்டையும் பிரித்து, பதினாறு பதினாறு பக்கமாக அடுக்கி, தைத்து, நல்ல கெட்டி அட்டை போட்டுத் திருப்பிக் கொடுத்தார். கருத்துத் தாள்களும் புதிதாக ஒட்டப்பட்டன.

அலமாரியில் ஏறிய பிறகுதான் நாவலுக்கு உடம்பில் ஏதோ சரியில்லை என்று பட்டது. எண்பதாம் பக்கத்தில் சுமித்ரா பூட்டிய அறையின் சாவியைத் திருப்புகிறாள். கதவு திறக்கிறது. எண்பத்தோராம் பக்கம் இப்படி ஆரம்பித்தது: 'அடைக்கு வைக்கும் முட்டைகள் ஒரு வாரத்துக்கு மேற்பட்டவையாக இருக்கக் கூடாது.'

"யார் நீங்கள்?" என்று நாவல் தன் கடைசிப் பதினாறு பக்கங்களைக் கேட்டது.

"நான் கோழி வளர்ப்பு, தாயி," என்றன அந்தப் பக்கங்கள். "தச்ச மனுசன் மாத்தித் தச்சுட்டான். உன் கடைசி அந்தப் பக்கம் போயிருச்சு, என் கடைசி இங்க வந்திருச்சு. எனக்கும் ஒண்ணும் ஓடல. சுத்தி ஒரே முத்தமா இருக்கு."

நாவல் பதறிப்போனது. எடுக்கிற முதல் ஆளே கண்டுபிடித்துவிடுவார், மானம் கப்பலேறிவிடும் என்று நடுங்கிக்கொண்டிருந்தது. கண்டுபிடித்தால் நல்லதுதானே, திருத்திவிடுவார்களே என்று இன்னொரு பக்கம் மனசு அடித்துக்கொண்டது.

நடுங்கியதெல்லாம் வீண். முதலில் எடுத்த கல்லூரி மாணவி, 'சூப்பர் சஸ்பென்ஸ். கடைசிவரை யார் என்று கண்டுபிடிக்கவே முடியவில்லை' என்று எழுதி 'நன்று' போட்டாள். அதுவாவது உண்மை. அடுத்து வந்த ஓய்வுபெற்ற பேங்க் அதிகாரி, 'கொலைகாரன் யார் என்று ஆரம்பத்திலேயே தெரிந்துவிட்டது' என்று எழுதி 'தேறாது' போட்டார். அவருடைய பஸ் டிக்கெட் இன்னும் பன்னிரண்டாம் பக்கத்தில் செருகியபடி இருந்தது. மூன்றாமவர் ஒரு குடும்பத் தலைவர். நாற்பத்து மூன்றாம் பக்கத்து முத்தத்தால் சமூகம் எங்கே போய் முடியுமோ என்று கவலைப்பட்டு, அவரும் 'தேறாது' போட்டார். புத்தகத்திலேயே அதிகமாகக் கசங்கியிருந்தது அந்த நாற்பத்து மூன்றாம் பக்கம்தான்.

பிறகு வந்தார் இலக்கிய வட்டச் செயலாளர் குலசேகரன். எந்தப் புத்தகத்தையும் கடைசிப் பக்கத்தைப் பார்த்தே எடைபோட்டுவிடும் ஆற்றல் அவருக்கு உண்டென்று ஊரே நம்பியது. அவரும் நம்பினார். கருத்துத் தாளில் அவர் கையெழுத்து முத்து முத்தாக விழுந்தது: 'அறைக்குள் காத்திருப்பது பிணம் அல்ல, கோழி. அடைகாக்கும் பெண் மனத்தின் மகத்தான குறியீடு. தமிழில் இப்படி ஒரு முடிவு வந்ததில்லை. நன்று.'

"நான் என்ன பாவம் செஞ்சேன்?" என்றன கோழிப் பக்கங்கள். "தீவனத்தைப் பத்திச் சொன்னேன், அம்புட்டுத்தான்."

நாவலுக்கு அழுகையே வந்துவிட்டது. கருத்துத் தாளோ மொடமொடவென்று நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டது. "எதற்கு இந்த ஒப்பாரி? உன்னை யார் பார்க்கிறார்கள்? அந்த அம்மாள் பார்ப்பது என்னைத்தான். இந்தக் கடையைப் பொறுத்தவரை நான்தான் நீ. அலமாரியில் இருப்பதும் சாக்குக்குள் போவதும் என் கையில் இருக்கிறது. ஏற்கெனவே இரண்டு 'தேறாது' விழுந்தாயிற்று. என்னிடம் மரியாதையாக இரு."

நாவல் தாளுக்கு இடம் விட்டு ஒடுங்கிக்கொண்டது.

அடுத்ததாக அதை எடுத்தவள் ஜெபமணி. தீப்பெட்டி ஆபீஸில் லேபிள் ஒட்டுகிறவள். மத்தியானம் தூக்குவாளியைத் திறக்கும் நேரத்தில் கூட இருக்கும் ஆறு பெண்களுக்கும் கதையை வாய்விட்டுப் படிப்பாள். ஒரு நாளைக்குப் பத்துப் பக்கம். நாவல் பிறந்ததிலிருந்து அப்படி ஒரு மரியாதையைக் கண்டதில்லை. சுமித்ரா பயந்தால் ஏழு பேருக்கும் சோறு இறங்கவில்லை. முதலாளி நல்லவனா, கொலைகாரனா என்று இரண்டு கட்சி பிரிந்து, பசை வாளியைச் சுற்றிச் சண்டை நடந்தது. நாற்பத்து மூன்றாம் பக்கத்தை அவள் இரண்டு தரம் படிக்க வேண்டியிருந்தது. நாவலுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆனால் பக்கம் எழுபதைத் தாண்டியதும் அந்தச் சந்தோஷத்துக்குள் பயம் புகுந்துகொண்டது.

எட்டாம் நாள் கதவு திறந்தது. ஜெபமணி நிறுத்தாமல் எதிர்ப் பக்கத்துக்குத் தாவி, அதே வேகத்தில் அடைமுட்டை வாக்கியத்தையும் படித்துவிட்டாள்.

சோற்றைப் பிசைந்த கையோடு ஒருத்தி, "அந்த ரூமுக்குள்ள இத்தன நாளா கோழியா கெடந்துச்சு?" என்றாள்.

ஜெபமணி முன்னும் பின்னும் புரட்டினாள். பக்க எண் சரியாகத்தான் இருந்தது. சாயங்காலம் வேலை விட்டதும் நேரே நூலகத்துக்கு வந்து புத்தகத்தை மேஜைமேல் வைத்தாள். செண்பகவல்லி பழக்கதோஷத்தில் பென்சிலை நீட்டி, நன்றா தேறாதா என்று போடச் சொன்னாள்.

"கருத்துச் சொல்ல வரலக்கா," என்றாள் ஜெபமணி. "கதவு தொறந்துச்சே, உள்ள யாரு இருந்தான்னு கேக்க வந்தேன். அங்க ஆறு பேரு என்னப் பிடுங்குதாங்க. எனக்கும் ராவெல்லாம் அதே நெனப்பாத்தான் இருக்கும்."

நாலு பேர் படித்துக் கருத்து எழுதியாயிற்று, ஒருவரும் குறை சொல்லவில்லையே என்றாள் செண்பகவல்லி. குலசேகரன் ஐயாவே மெச்சியிருக்கிறார் என்று தாளைத் திருப்பிக் காட்டினாள். ஜெபமணி தாளைப் பார்க்கவில்லை. எண்பதாம் பக்கத்தை விரித்து, "இதப் படிங்க. அடுத்தாப்ல இதப் படிங்க," என்றாள்.

அந்தக் கடையில் செண்பகவல்லி படித்த முதல் இரண்டு பக்கங்கள் அவைதான். படித்து முடித்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். பைண்டரிடம் போய்வந்த மற்றப் புத்தகம் ஞாபகத்துக்கு வந்தது. எழுந்துபோய் 'நாட்டுக்கோழி வளர்ப்பை' எடுத்துவந்தாள். அதன் கருத்துத் தாளில் நாலாட்டின்புத்தூர் விவசாயி ஒருவர் எழுதியிருந்தார்: 'வெள்ளைக்கழிச்சலுக்கு மருந்து தேடினேன். ஏதோ பங்களாவில் கதவு திறந்தது. மருந்து இல்லை. என் கோழி பதினெட்டும் போய்விட்டன.' அதை அப்போதே வாசித்த செண்பகவல்லி, பெரியவருக்கு வயசாகிவிட்டது என்று முடிவு கட்டியிருந்தாள். இப்போது அவளுக்கு முகம் சுண்டிப்போனது.

ஜெபமணி நின்றபடியே அந்தப் பதினாறு பக்கங்களையும் படித்தாள். நாவல் எதிர்ப்புறம் கிடந்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. ஓரிடத்தில் அவள் உதட்டைக் கடித்தாள். ஓரிடத்தில், "பாவி," என்றாள். கடைசிப் பக்கத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தெருவைப் பார்த்தபடி நின்றாள். நாவல் பிறந்த பயனை அடைந்துவிட்டது. இனிச் சாக்குக்குள் போனாலும் பரவாயில்லை என்று அதற்குத் தோன்றியது.

செண்பகவல்லி மறுபடி பென்சிலை நீட்டினாள். ஜெபமணி அதை வாங்கவில்லை. நாளைக்கு அவர்களுக்குப் படித்துக் காட்ட வேண்டும், இரண்டு புத்தகத்தையும் கொடுங்கள் என்று கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

"ஏழு பேர் படித்து ஒரு வரி எழுதவில்லை," என்று முனகியது கருத்துத் தாள். "இதெல்லாம் கணக்கிலேயே சேராது."

புத்தகங்கள் திரும்பி வந்ததும் பைண்டர் அவற்றைச் சரியாகத் தைத்துக் கொடுத்தார். கோழிப் பக்கங்கள், "வாரேன் தாயி, நல்லபடியா இரு," என்று சொல்லிக்கொண்டு தம் வீடு போய்ச் சேர்ந்தன. மனசு கேட்காத செண்பகவல்லி, திருத்திய நாவலை ஒருமுறை பார்த்துவிடும்படி குலசேகரனிடமே கொடுத்தாள். மறுநாளே வந்துவிட்டது. இந்தத் தடவை தாளின் முன்பக்கம் போதாமல் பின்பக்கமும் எழுதியிருந்தார்.

'மறுவாசிப்பில் பெருத்த ஏமாற்றம். கோழிகளை நீக்கியது மன்னிக்க முடியாத சமரசம். தேறாது,' என்று தொடங்கியது கருத்து.

மூன்றாவது 'தேறாது'. கருத்துத் தாள் கம்பீரமாக விறைத்துக்கொண்டது. நாவல் கண்ணை மூடிக்கொண்டது. செண்பகவல்லி நாவலை எடுத்துக்கொண்டு மூலைக்குப் போனாள். சாக்கின் வாயை விரித்தாள். பிறகு தாளின் ஓரத்தைப் பிடித்துச் சர்ரென்று கிழித்து, தாளை உள்ளே போட்டாள். நாற்காலிக்குத் திரும்பி வந்து உட்கார்ந்து, நாவலின் முதல் பக்கத்தைத் திறந்தாள்.

சாக்குக்குள்ளிருந்து கருத்துத் தாளின் குரல் கேட்டது: "பின்பக்கமும் இருக்கிறதே! முழுசாகப் படிக்காமல் முடிவு கட்டலாமா?"