‘நாக் ஆஃப்’ என்றால் என்ன?

மார்த்தாண்டத்தில் ஒரு மருந்துக் கடை மாடியில் இங்கிலீஷ் வகுப்பு. அங்கே குரு பெனிலா மிஸ்ஸுக்கு வயது இருபத்தாறு. சிஷ்யை சுகிர்தாவுக்கு நாற்பத்துமூன்று; தனியார் ஆஸ்பத்திரி நர்ஸ். மாடி ஏறி வந்து உட்கார்ந்தவளுக்குக் கால் இரண்டும் விண்விண்ணென்று வலித்தது.

திங்கட்கிழமை, வெளிநாட்டு நர்ஸ் வேலைக்கான இங்கிலீஷ் பரீட்சை. ஏற்கெனவே இரண்டு தடவை கோட்டை விட்டாயிற்று. இதுவும் போனால், அயர்லாந்தில் இருக்கும் புருஷனை இன்னும் எத்தனை வருஷம் போனில் மட்டும் பார்ப்பதோ! நினைத்தாலே அவளுக்கு அழுகை முட்டியது.

“மிஸ், இந்த ‘நாக் ஆஃப்’னா என்ன?”

“அன்னைக்கு வேலையை முடிச்சிட்டுக் கிளம்புறது. அந்த ஊர் நர்சுங்க பேச்சுவாக்குல சொல்வாங்க. நீங்க ஒரு வாக்கியம் எழுதுங்க, அக்கா.”

இரண்டு மணிக்கு நாக் ஆஃப் பண்ணினேன் என்று சுகிர்தா இங்கிலீஷில் எழுதிக் காட்டினாள்.

“ரெண்டு மணிக்கு அப்புறம்?”

“வீட்டுக்குப் போனேன். சோறு வடிச்சு, துணி துவைச்சுப் போட்டுட்டு, இங்க ஓடி வந்தேன்.”

மிஸ் அந்த வாக்கியத்தை அடித்தாள்.

“இலக்கணம் தப்பா மிஸ்?”

“இலக்கணம் சரி. விஷயம் பொய்.”

சுகிர்தா இரண்டை அடித்துவிட்டு ராத்திரி பத்து மணி என்று போட்டாள்.

“பத்துக்கு அப்புறம்?”

“பாத்திரம் கழுவணும். பிறகு நீங்க குடுத்த ஹோம்வொர்க்.”

அதற்கும் ஒரு கோடு.

சுகிர்தாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “என்ன மிஸ், விளையாடுறீங்களா? தூக்கம் போச்சு, உடம்பு போச்சு. படிக்கிறது ஒண்ணும் மண்டையில ஏற மாட்டேங்குது. முடியல மிஸ்!”

மிஸ் புத்தகத்தை மூடினாள். இரண்டு பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டாள்.

“அடுத்த பேட்ச் ஏழு மணிக்குத்தான். படுங்க.”

“ஐயையோ, ரெண்டு பாடம் பாக்கி கிடக்கே!”

“கிடக்கட்டும்.”

சுகிர்தா தயங்கித் தயங்கிப் படுத்தாள். போன் அடித்தது. வார்டிலிருந்துதான், யாரோ லீவு, உடனே ஓடி வா என்பார்கள். எடுக்கப் போன கை பாதியில் நின்றது. அடித்து ஓயும்வரை அதைப் பார்த்துக்கொண்டே கிடந்தாள். சட்டென்று எழுந்து உட்கார்ந்து பேனாவை எடுத்தாள்.

“மிஸ், இப்ப நாக் ஆஃப் பண்ணிட்டேன்ல? எழுதிடட்டா?”

மிஸ் அவள் கையிலிருந்து பேனாவை வாங்கிக்கொண்டாள்.

“எழுதினா அதுவும் வேலைதான், அக்கா.”