எருமைக்குச் சுடாத மணல்

மடுக்கரை மணலில் முதலை மரகதம் குழி தோண்டி, முட்டையிட்டு, மூடினாள். மூடிய நாளிலிருந்து அவளுக்கு ஒரே கவலை. போன கோடையில் மணல் கொதித்து முட்டைகள் உள்ளேயே வெந்துபோயின. அதற்கு முந்தின வருஷம் மழையில் குளிர்ந்து கெட்டன. இந்த முறையாவது "அம்மா" என்று கூப்பிட ஒரு பிள்ளை வேண்டாமா?

கரையிலேயே கிடக்கலாம் என்றால் வயிறு கேட்கவில்லை. அதனால், தான் மீன் பிடிக்கும் நேரத்தில் மணல் சூட்டைப் பார்த்துச் சொல்ல ஓர் ஆள் தேடினாள். சுடுகிறது என்றால் வந்து தண்ணீர் தெளிப்பாள். குளிர்கிறது என்றால் ஈர மணலைத் தள்ளி வெயில் காட்டுவாள்.

முதலில் வந்தவன் தவளை பொட்டு. மணலில் கால் வைத்ததுமே துள்ளினான்.

"ஐயோ, சுடுதுக்கா!"

ஒரு மேகம் சூரியனை மறைத்தது.

"இப்ப குளிருதுக்கா."

மேகம் விலகியது.

"மறுபடியும் சுடுதுக்கா."

மரகதத்துக்கு எரிச்சலாக வந்தது. "நொடிக்கு நொடி சிணுங்கினா நான் எப்பப்பா மீன் பிடிக்கிறது? போ, போ" என்று விரட்டினாள்.

அடுத்து வந்தவர் எருமை வீரணன். மணல்மேல் குளம்பை வைத்து, அசை போட்டபடி நின்றார்.

"எப்படிண்ணே இருக்கு?"

"இருக்கு."

"சுடுதா?"

"அப்படி ஒண்ணும் தெரியலைம்மா."

மரகதம் பூரித்துப்போனாள். ஆள் என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும்! எருமை மாட்டின் மேல் மழை பெய்த கதை ஊருக்கே தெரியும். அவளுக்கு மட்டும் அது நிதானமாகப் பட்டது. வேலையை அவருக்கே கொடுத்துவிட்டு நிம்மதியாக நீந்தப் போனாள்.

உச்சி வெயில் ஏறியது. தண்ணீரிலிருந்தே குரல் கொடுத்தாள்.

"அண்ணே, எப்படி?"

"ஒண்ணுமில்லைம்மா."

அவள் அடுத்த மீனைத் துரத்தினாள். அப்போது அவள் மூக்கின்மேல் பொத்தென்று ஏதோ விழுந்தது. பார்த்தால், விரட்டியும் கரையைவிட்டுப் போகாத பொட்டு.

"அக்கா, என்னை முழுங்கணும்னா அப்புறமா முழுங்கிக்கோ. முதல்ல வந்து மணல்ல வயித்தை வெச்சுப் பாரு."

முழுங்கத்தான் வாயைத் திறந்தாள். ஆனால் முதலையின் மூக்கில் வந்து உட்காருகிறவன் வெறும் சிணுங்கலுக்காகவா உட்காருவான்? அந்த எண்ணம் அவளைக் கரைக்கு இழுத்தது.

வயிற்றை வைத்தாள். தோசைக்கல்லில் வைத்தது போலிருந்தது. பதறி, வாலால் தண்ணீரை வாரி வாரி இறைத்தாள். பிறகு மணலில் காதை வைத்துக் கேட்டாள். சத்தமே இல்லை. அன்று அவள் விட்டதை யாரும் முதலைக் கண்ணீர் என்று சொல்லிவிட முடியாது.

நெடுநேரம் கழித்து, உள்ளேயிருந்து மெல்லிசாக ஒரு முனகல் கேட்டது. அப்புறம் இன்னொன்று. மரகதத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"சுட்டுதா என்ன? எனக்குத் தெரியவே இல்லையேம்மா" என்றார் வீரணன். அவர் பொய் சொல்லவில்லை. அந்தக் குளம்புக்கு நிஜமாகவே தெரியவில்லை.

அன்றிலிருந்து பொட்டுதான் காவல். விடிந்தால் சிணுங்கல், பொழுது சாய்ந்தால் சிணுங்கல். ஒவ்வொரு சிணுங்கலுக்கும் மரகதம் ஓடி வந்தாள். இரண்டு பேருமே இளைத்துப்போனார்கள்.

ஒருநாள் மணல் பிளந்து குட்டிகள் வெளியே வந்தன. வந்ததும் வராததுமாகப் பொட்டுவைப் பார்த்து வாயைப் பிளந்தன.

"அக்கா, நான் உன் பிள்ளைங்களுக்கு மாமன்னு முதல்ல சொல்லி வை" என்று கத்திக்கொண்டே பொட்டு அவள் முதுகில் தாவி ஏறினான்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இந்த நுணலின் வாயால் ஒரு குடும்பமே பிழைத்தது.

காவலுக்கு ஆள் வைக்கிறவர்கள், எதுவுமே உறைக்காதவரின் அமைதியைவிட, சட்டென்று உறைக்கிறவரின் புலம்பலையே நம்ப வேண்டும்.