ஜோசியரின் ஒற்றைச் செருப்பு

ஊரில் யார் வீட்டில் என்ன விசேஷம் என்றாலும் நாள் குறித்துக் கொடுப்பவர் ஜோசியர் கோமதிநாயகம். கல்யாணம், காதுகுத்து, கடைத் திறப்பு எல்லாம் அவர் விரல் மடக்கிச் சொல்லும் நேரத்தில்தான். அதில் அவர் கறார். ஆனால் ஒருமுறை தொடங்கிவிட்டால் அப்புறம் பயப்படக் கூடாது என்பார்.

கிணறு வெட்டத் தொடங்கிய மறுநாளே அஷ்டமி வந்துவிட்டது என்று ஒருவர் மண்வெட்டியைப் போட்டுவிட்டு அவரிடம் ஓடிவந்தார். "நாள் பாக்கது தொடங்குறதுக்குத்தான். தொடங்கின வேலைக்கு எல்லா நாளும் நல்ல நாளுதான். போயி வெட்டும்வே," என்று சொல்லி அனுப்பினார். கிணற்றில் தண்ணீரும் வந்தது. ஊரே அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தது.

அப்பேர்ப்பட்டவருக்குச் சர்க்கரை வியாதி வந்தது. மாத்திரை சாப்பிடுவதோடு தினமும் காலையில் நடக்க வேண்டும், இனிப்பைத் தொடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கோமதிநாயகத்தை யாரும் பயமுறுத்த வேண்டியிருக்கவில்லை. அவருடைய அப்பாவுக்கு இதே வியாதியில் ஒரு காலை எடுத்தார்கள். கடைசி வருஷங்களில் அவரைக் குளிப்பாட்டத் தூக்கிக்கொண்டு போனது இவர்தான். தூக்கும்போதெல்லாம் அப்பா முகத்தைத் திருப்பிக்கொள்வார். அந்த முகத்தை இவரால் மறக்க முடியவில்லை.

ஆகவே சித்திரை முதல் தேதி, நல்ல ஹோரை பார்த்து நடக்கத் தொடங்கினார். புது கேன்வாஸ் ஷூ, தோளில் புதுத் துண்டு. மனைவி பிள்ளையாருக்கு விடலைத் தேங்காய் போட்டாள். அவர் குளத்தைச் சுற்றிய வேகத்தைப் பார்த்துத் தெருவே அசந்துபோனது.

கொஞ்ச நாளில் ஒரு மழை பெய்தது. மழைக்குப் பின்னால் ஒரு கல்யாண வீடும், அந்த வீட்டு லட்டும் வந்தன. விட்டுப்போனதை மறுபடி தொடங்குவதென்றால் முறையாகத்தானே தொடங்க வேண்டும்? ஆடிப்பெருக்கு வரட்டும் என்று காத்திருந்தார். அதுவும் பாதியில் நின்றது. பிறகு விஜயதசமி, பிறகு தைப் பொங்கல். நடுவில் கிடந்த மாதங்களில் லட்டு தாராளமாக உள்ளே போயிற்று. லாபம் பிள்ளையாருக்கு மட்டும்தான். கடைசியில் மனைவி, இனிமேல் இதற்காகத் தேங்காய் வாங்குவதாக இல்லை என்று சொல்லிவிட்டாள். அவள் சிரிக்காமல் சொன்னதுதான் அவருக்கு வலித்தது.

அன்றைக்கே ஆற்றங்கரை மடத்துக்குப் புறப்பட்டார். அங்கே இருக்கும் சண்முகவடிவு அம்மைதான் அவருக்குக் குரு. வயதில் அம்மை அவருடைய மகளைவிடச் சின்னவர். ஊரில் சிலர் இதைச் சொல்லிக் கேலி செய்வதுண்டு. கோமதிநாயகம் அதைக் காதில் போட்டுக்கொண்டதில்லை.

பஸ்ஸிலிருந்து இறங்கி, வாய்க்கால் கரையோடு வாழைத் தோட்டங்களைத் தாண்டிப் போனால்தான் மடம் வரும். அவர் போய்ச் சேர்ந்தபோது அம்மை படித்துறையில் சேற்றைத் தள்ளிக் கழுவிக்கொண்டிருந்தார். ஆற்றில் புதுத் தண்ணீர் வந்துவிட்டால் தினமும் இரவில் அது படிகளில் வண்டலைக் கொண்டுவந்து போட்டுவிடும். அம்மையும் தினமும் காலையில் கழுவுவார்.

கோமதிநாயகம் கும்பிட்டுவிட்டு நடந்ததையெல்லாம் ஒளிக்காமல் சொன்னார்.

"ஆரம்பத்துல இருக்க வேகம் அப்புறம் இல்லம்மா. அது எங்க போவுதுன்னே தெரியல. காலையில முழிப்பு வந்திருது, எந்திரிக்கத்தான் மனசு வர மாட்டேங்கு."

அம்மை கேட்டுக்கொண்டே தண்ணீரை வீசி ஊற்றினார்.

"உங்களுக்கு மட்டும் அந்த வேகம் வத்தவே இல்லையேம்மா. தினமும் சலிக்காம இந்தப் படியைக் கழுவுதீங்க."

"எனக்கா? எனக்கு இந்தச் சேறு பிடிக்கவே பிடிக்காது ஜோசியரே. ஒரே நாத்தம். இன்னைக்குக்கூடப் படுத்தே கெடக்கலாம்னுதான் இருந்துச்சு."

கோமதிநாயகத்துக்குச் சப்பென்று ஆகிவிட்டது. குருவிடமிருந்து அவர் கொஞ்சம் பெரிதாக எதிர்பார்த்து வந்திருந்தார்.

"பெறகு எப்படிம்மா..."

அம்மை அவருடைய காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னொரு செருப்பு எங்க?"

கோமதிநாயகம் குனிந்து பார்த்தார். வலது காலில் செருப்பு இருந்தது. இடது கால் வெறுங்காலாக, மண்ணும் சேறுமாக இருந்தது. எங்கே கழன்றது என்று யோசித்தார். கழன்றதே அவருக்குத் தெரியவில்லை. இடது பாதத்தைப் படிக்கல்லில் அழுத்தி வைத்துப் பார்த்தார். இப்போதுதான் தண்ணீர் ஊற்றிய கல், சில்லென்று இருக்க வேண்டும். ஒன்றும் தெரியவில்லை.

"எங்க அப்பாவுக்கும் இப்படித்தாம்மா ஆரம்பிச்சுது," என்றார். நான்கு தடவை தேங்காய் உடைத்தபோதும் வராத பயம் இப்போது வந்தது.

அம்மை அவரைப் படியில் உட்கார வைத்தார். காலைக் கழுவப் போனபோது, குரு தன் காலைத் தொடுவதாவது என்று அவர் இழுத்துக்கொண்டார். அம்மை விடவில்லை. உள்ளங்கால், குதிகால், விரல் இடுக்கு எல்லாம் துடைத்துப் பார்த்தார். நல்லவேளையாகக் கீறல் எதுவும் இல்லை. உள்ளே போய் யாரோ விட்டுப்போன ஒரு பழைய செருப்பை எடுத்துவந்து இடது காலுக்குப் போட்டுக்கொள்ளச் சொன்னார்.

"வாங்க, தேடுவோம்," என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தார்.

இரண்டு பேரும் கரையின் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டே போனார்கள். வழியில் வேலி போடுவதற்காக வெட்டிய கருவேல முள் சிதறிக் கிடந்தது. ஓரிடத்தில் பாட்டில் உடைந்து கிடந்தது. இதையெல்லாம் தாண்டியா வெறுங்காலோடு வந்தோம் என்று கோமதிநாயகம் நின்று பார்த்தார். வாழைத் தோட்டம் முடிந்ததும் வெயில் நேராக முகத்தில் அடித்தது. துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நடக்கப் பிடிச்சிருக்கா?" என்று அம்மை கேட்டார்.

"எங்கம்மா. வெயிலு வேற. மூச்சு வாங்குது."

"திரும்பிருவோமா?"

"செருப்பு கெடைக்கட்டும்மா."

அம்மை தொடர்ந்து நடந்தார்.

செருப்பு பஸ் நிற்கும் இடத்தில், புளியமரத்தடியில் கிடந்தது. பஸ்ஸிலிருந்து இறங்கிய இடத்திலேயே கழன்றிருக்கிறது. அப்படியானால் அவ்வளவு வழியும் அவர் ஒற்றைச் செருப்போடுதான் வந்திருக்கிறார். கோமதிநாயகம் அதைக் கையில் எடுத்துத் துடைத்தார்.

"இனிமே தாமதிக்கக் கூடாதும்மா," என்றார். "நாளைக்கே தொடங்கிருவேன். ஆனா நாளைக்குக் கரிநாளு. எதையும் தொடங்கக் கூடாது. வியாழக்கிழமை அருமையான நாளு. அன்னைக்கு உங்க கையால திருநீறு வாங்கிட்டு..."

"நாளைக்குத் தொடங்க வேண்டாம்."

கோமதிநாயகம் நிம்மதியாகத் தலையாட்டினார்.

"இன்னைக்கே தொடங்கியாச்சுல்லா. மடத்துல இருந்து இதுவரைக்கும் நடந்துதானே வந்திருக்கீங்க? நாளைக்கு ரெண்டாவது நாளு. ரெண்டாவது நாளுக்கு என்ன தடைன்னு உங்க பஞ்சாங்கத்துல போட்டிருக்கு?"

பழக்க தோஷத்தில் அவருடைய விரல்கள் மடங்கத் தொடங்கின. திதி, நட்சத்திரம், யோகம் என்று எல்லாவற்றையும் ஓட்டிப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் இரண்டாவது நாளுக்கு யாரும் அவரிடம் நாள் கேட்டதில்லை. விரல் பாதியில் நின்றது.

தூரத்தில் பஸ் வரும் சத்தம் கேட்டது. கோமதிநாயகத்துக்கு இன்னும் ஒன்று மிச்சமிருந்தது. அதைக் கேட்காமல் போக அவருக்கு மனம் வரவில்லை.

"நடுவுல ஒரு நாள் விட்டுப்போச்சுன்னா என்ன செய்ய? மறுபடி மொதல்ல இருந்துதானம்மா தொடங்கணும்?"

அம்மை புளியமரத்து நிழலில் நின்றபடி அவரைப் பார்த்தார்.

"கெணறு வெட்டுத ஆளு ஒரு நாள் வேலைக்கு வரல. மறுநாள் வந்தா அதே குழியிலதான எறங்குவாரு? இல்ல, புதுசா வேற எடம் பாத்துக் கோடு போடுவாரா?"

கோமதிநாயகம் குனிந்து, மடத்துச் செருப்பைக் கழற்றிவிட்டுத் தன் செருப்பை இடது காலில் மாட்டிக்கொண்டார். மாட்டியிருக்கிறதா என்று இன்னொரு தடவை குனிந்து பார்த்துக்கொண்டார்.