காளிராசு மச்சான் தின்ற பன்னிரண்டு பரோட்டா

எட்டுக்குளத்துக்காரர்களுக்கு மூளை இல்லை என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. இருக்கிறது, தேய்ந்துவிடுமே என்று வெளியே எடுப்பதில்லை, அவ்வளவுதான்.

அந்த ஊரில் பரோட்டாக் கடை வைத்திருந்தான் மாசானம். பைபாஸ் வந்ததும் பஸ்ஸெல்லாம் ஊருக்கு வெளியே போக, கடை பெஞ்சில் ஈதான் உட்கார்ந்தது. அவன் பெண்டாட்டி செண்பகவடிவு கறாராகச் சொல்லிவிட்டாள். பத்து வாரம் பார்ப்பாளாம். அப்புறம் கடையைப் பூட்டிவிட்டு, விருதுநகரில் அவள் அண்ணன் காளிராசின் அரிசி ஆலைக்கு மூட்டை தூக்கப் போகவேண்டியதுதானாம். மாசானத்துக்கு மூட்டையைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். மச்சானைத்தான் முடியாது, அவ்வளவு பயம்.

கூட்டாளிகள் சங்கிலியும் ஆவுடையப்பனும் யூடியூபில் வீடியோ போட்டால் கூட்டம் வரும் என்றார்கள். தென்காசியில் மாடித்தோட்டம் பற்றி வீடியோ போட்டுப் பேர் வாங்கியவர் ஜெசிந்தா டீச்சர். மூவரும் அவரிடம் போய் நின்றார்கள். பாவம், அந்த அம்மா நல்ல மனசோடு மூன்று விஷயம் சொன்னார். ஆரம்பிக்கும் முன்னே பத்து வீடியோ கைவசம் இருக்கணும். வெள்ளிக்கிழமை தவறாமல் ஒன்று போடணும். மேடையில் பேசுகிற மாதிரி பேசாமல், தெரிந்த ஒருத்தரிடம் பேசுகிற மாதிரி பேசணும்.

ஊர் திரும்பும் வரை சங்கிலிக்கு ஒரே கவலை. "எந்த ஒருத்தர்? டீச்சர் பேர் சொல்லலையே."

மாசானத்துக்கு ராப்பகலாக நினைப்பில் இருந்தது ஒரே ஒருத்தர்தான். அதனால் எல்லா வீடியோவும், "காளிராசு மச்சான், நல்லாருக்கீங்களா?" என்று தொடங்கியது. மாவு பிசைகிற வீடியோவில், உங்கள் தங்கச்சி கல்யாணத்துக்கு ஏன் பிந்தி வந்தீர்கள் என்றும் கேட்டுவைத்தான்.

ஒரே நாளில் ஒன்பது எடுத்தாயிற்று. பத்தாவதுக்கு வந்ததும் ஆவுடையப்பன் கையைத் தூக்கினான். "இதைப் போடுறதுக்குள்ள பத்து வாரம் ஓடிரும்லா? அதுக்குள்ள என்னென்ன நடந்திருக்கும்?"

மூவரும் உட்கார்ந்து யோசித்தார்கள்.

"மச்சான் வந்து சாப்பிட்டிருப்பாரு," என்றான் மாசானம்.

"எத்தனை?"

"ஆளு வாட்டசாட்டம். பன்னிரண்டு இருக்கும்."

"சால்னா?"

"ரெண்டாவது தடவை கேட்டு வாங்கியிருப்பாரு."

அப்படியே பேசி எடுத்தார்கள். நேற்று வந்து பன்னிரண்டு பரோட்டா சாப்பிட்டுப் போன மச்சானுக்கு மாசானம் நன்றி சொன்னான். சொல்லும்போது நிஜமாகவே கண் கலங்கிவிட்டது.

முதல் வெள்ளிக்கிழமை பதினோரு பேர் பார்த்தார்கள். ஆனாலும் வாரம் தவறவில்லை. போகப் போக, யார் இந்தக் காளிராசு, எப்போது வந்து சாப்பிடுவார் என்று சனங்களுக்குத் தலை வெடித்தது. சிங்கப்பூரிலிருந்தெல்லாம், "காளிராசு, போய்ச் சாப்பிடுய்யா," என்று எழுதினார்கள். விருதுநகரில் காளிராசால் தெருவில் நடக்க முடியவில்லை.

பத்தாவது வெள்ளிக்கிழமை நன்றி வீடியோ போனது. மறுநாள் மச்சான் உட்கார்ந்த பெஞ்சைப் பார்க்க வேன் வேனாக ஆட்கள் வந்து இறங்கினார்கள். மாசானம் பரோட்டாக் கல்லோடு மல்லுக்கட்டினான். வாசலில் வரிசையைக் கவனித்தது சங்கிலி.

கெடு முடிந்ததென்று மாசானத்தை இழுத்துப் போக அன்றுதான் வந்தார் காளிராசு. "நான் காளிராசு, வழியை விடு," என்றார்.

"காளிராசு அண்ணாச்சி வந்து சாப்பிட்டுப் போயிட்டாங்களே," என்று சங்கிலி பணிவாகப் போனைக் காட்டினான். "நீங்க வேற யாராவதா இருக்கும். நல்லா நினைச்சுப் பாருங்க."

சத்தம் கேட்டு வந்த மாசானம் மச்சானைக் கண்டதும் பயந்து வந்த வழியே திரும்பப் பார்த்தான். ஆவுடையப்பனுக்கோ வேறு பயம். ஊர் உலகத்துக்கே சொன்னது பொய்யாகிவிடக் கூடாதே. மூவருமாக மச்சானை அமுக்கிப் பெஞ்சில் உட்காரவைத்து இலை போட்டார்கள்.

கூட்டம் எண்ண ஆரம்பித்தது. நாலாவதில் மச்சானின் முகம் இளகியது. எட்டாவதில் அவராகவே சால்னா கேட்டார். பன்னிரண்டாவதை முடித்துவிட்டு, எழுந்திருக்க முடியாமல் தங்கையைக் கூப்பிட்டு, "மூட்டை தூக்க ஆயிரம் பேர் கிடைப்பான், இவன் இங்கேயே கெடக்கட்டும்," என்றார். மாசானத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அத்தனை பேரும் போனைத் தூக்கிப் பிடித்திருக்க, இந்த மூவர் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். வேனில் வந்த ஒரு அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. இவ்வளவு பெரிய விஷயத்தை நீங்கள் வீடியோ எடுக்கவில்லையா என்று கேட்டாள்.

மாசானம் அவளை இரக்கத்தோடு பார்த்தான். "எதுக்கும்மா? இதை நேத்தே போட்டாச்சே."