சம்பந்தி வீட்டுச் சொல்

புதுச்சேரியில் செலின் டீச்சர் வீட்டுக்கு ஸ்பானிஷ் படிக்க வந்தவர்களிலேயே மூத்தவர் வைத்திலிங்கம். டீச்சருக்கு இருபத்தெட்டு வயது. அவருக்கு அறுபத்தொன்று. முப்பது வருஷம் பஸ் ஓட்டிய மனுஷன். பத்து நிமிஷத்தில் சாப்பிட்டு எழுந்தே பழகியவர்.

அந்தப் பழக்கம்தான் ஸ்பெயினில் அவர் காலை வாரிவிட்டது. மகள் அந்த ஊர்ப் பையனைக் கட்டியிருக்கிறாள். போன வருஷம் சம்பந்தி வீட்டு விருந்தில் இவர் சாப்பிட்டார், கை காயுமுன் எழுந்து கழுவினார், நேரே போய்ப் படுத்துக்கொண்டார். சம்பந்தியம்மாவுக்கு முகம் வாடிவிட்டது. இவருக்கு நம்மைப் பிடிக்கவில்லை என்றே இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறார்.

இப்போது பேத்திக்குப் பெயர் வைக்கிறார்கள். மூன்று வாரத்தில் பயணம்.

“மகள் போன்ல சொல்லிட்டா டீச்சர். ‘வேற எதுவும் படிக்க வேணாம்ப்பா, சோப்ரமேசான்னு ஒரு சொல், அதை மட்டும் கத்துக்கிட்டு வாங்க’ன்னு. அந்தம்மா மனசை இன்னொரு தடவை நோகடிக்க என்னால முடியாது. அர்த்தம் சொல்லுங்க, எழுதிக்கிறேன்.”

“மணி ஒண்ணாச்சு. முதல்ல சாப்பிடலாம் சார்.”

மீன் குழம்பு. டீச்சர் பாதி சாப்பிடுவதற்குள் இவர் முடித்து எழுந்துவிட்டார். டீச்சர் விடுவாளா!

“கை கழுவிட்டு இங்கேயே வந்து உட்காருங்க.”

வந்து உட்கார்ந்தார். “இன்னும் என்ன வரணும்?”

“ஒண்ணும் வராது.”

அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. மீன் எங்கே வாங்கினீர்கள் என்று சும்மா கேட்டுவைத்தார். பேச்சு மீனிலிருந்து அவருடைய முதல் பஸ்ஸுக்குப் போனது. அங்கிருந்து, சின்ன வயதில் மகள் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு இறங்கமாட்டேன் என்று அடம்பிடித்த கதைக்கு. டீச்சர் வயிறு வலிக்கச் சிரித்தாள். நிமிர்ந்து பார்த்தால் மணி மூன்றரை.

“பாடம் நடக்கவே இல்லையே டீச்சர்.”

“நடந்துச்சு சார். சாப்பாடு முடிஞ்சும் எழுந்திருக்காம பேசிக்கிட்டு இருந்தோமே, அந்த நேரத்துக்கு அவங்க வச்ச பேருதான் சோப்ரமேசா.”

வைத்திலிங்கத்துக்கு ஒரே சந்தோஷம். “நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒரே நாள்ல பழகிடுமா? தினமும் இங்க வந்து உங்களைத் தொந்தரவு பண்ண முடியாது. நான் யாரோட பழகுறது?”

“வீட்டுல உங்களுக்கு அப்புறம் சாப்பிடுறது யாரு?”



“சம்சாரம்தான். நான் எழுந்ததும் போட்டுக்கிட்டு உட்காருவா.”

“நாளைக்கு உங்களோடயே போட்டுக்கச் சொல்லுங்க. அவங்க முடிக்கிற வரைக்கும் எழுந்திருக்காதீங்க. அந்தச் சொல் அதுக்கப்புறம்தான் சார் ஆரம்பிக்குது.”